பதினாறு சுற்றுலாப் பயணிகள்

உட்காருங்கள் மேடம். கட்டிலிலேயே உட்காரலாம், கயிறு புதிது. அக்கா என்றும் கூப்பிடலாம்தான், உங்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஆனால் இப்போதெல்லாம் நான் யாரையும் உடனே அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் உறவு என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இப்போதைக்கு மேடம்.

ஆய்வு மாணவி என்கிறீர்கள். அட்டையும் காட்டினீர்கள். நான் சந்தேகப்படவில்லை. ஆனால் செங்கத்திலிருந்து வருகிற பஸ் ஒன்பதேகாலுக்கு நிற்கும். நிறுத்தத்திலிருந்து இங்கே நடந்தால் இருபது நிமிடம். நீங்கள் வந்தது பத்தேமுக்காலுக்கு. நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் சொந்த விஷயம். டீயில் சர்க்கரை போதுமா?

வேளாண் சுற்றுலா என்றால் என்ன என்று கேட்டீர்கள். அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள் என்றுதான் யோசிக்கிறேன். அடுத்த வேலிக்காரர் ஜெயவேலிடம் கேட்டிருக்கலாம். அவர் இடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. ஆறு மூங்கில் குடில் இருக்கிறது. வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது, மாடு கிடையாது. பத்து சிமெண்டுத் தொட்டியில் தக்காளிச் செடி வைத்திருக்கிறார். அவரும் சுற்றுலா அலுவலகப் பட்டியலில் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறீர்களோ என்னவோ. ஒரு மணி பத்து நிமிடம் இடிக்கிறது, அதற்காகச் சொன்னேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்லூரியில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சு. தாவரவியல். வருகைப் பதிவில் சசிரேகா என்று கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பேன். எதையும் விடமாட்டேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். இப்போது ஏதோ எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள்? சரி, வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனிக்குப் போனேன். ஹாஸ்டலில் ஒரு அறையில் பதினோரு பேர். எனக்கு ஒத்துவரவில்லை. எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா நான் பன்னிரண்டாவது படிக்கும்போதே தவறிப்போய்விட்டாள், அதனால் சொல்வதற்கும் வேறு ஆள் இல்லை. அப்பா பேர் துரைக்கண்ணு. அவர் மட்டும் தனியாக மூன்று ஏக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கொஞ்சம் கேழ்வரகு, கிணற்றடியில் கத்தரி. இங்கேயே இருக்கவேண்டும் என்றால் இங்கேயே ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அந்தப் பதினோரு பேர் அறைதான். அப்படி ஆரம்பித்ததுதான் இது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருந்த இரண்டு அறைகளுக்கு வெள்ளை அடித்து, கதவு போட்டு, கொசுவலை கட்டினேன்.

சுற்றுலா அலுவலகப் பட்டியலில் பேர் இருந்தால் அவர்களே ஆள் அனுப்புவார்கள் என்றார்கள். பேர் வர ஒரு படிவம். படிவத்தின் முதல் பக்கத்திலேயே விளக்கம் கொடுத்திருந்தார்கள். எனக்கு மனப்பாடம். பயிர் நடக்கிற நிலமாக இருக்க வேண்டும். பயிர் செய்கிறவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வருகிறவர்கள் ஒரு இரவாவது தங்க வேண்டும், நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட வேண்டும், ஏதாவது ஒரு வேளாண் பணியில் தாங்களே கைவைக்க வேண்டும், போகும்போது விளைபொருள் கொண்டுபோக வேண்டும். பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்ளவோ வந்திருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் அப்படி இருபது பேர் வந்ததற்குப் பதிவேடு காட்ட வேண்டும். இவ்வளவுதான். இதில் உறவினர் வரக்கூடாது என்று எங்கேயும் இல்லை. நான் பின்பக்கம் வரை படித்தேன்.

முதலில் நான்கு பேர் வந்தார்கள், சென்னையிலிருந்து. யாருக்கோ பிறந்தநாள். பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தார்கள். நான் களி கிண்டி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அவர்கள் செங்கத்துக்குப் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார்கள். கத்தரிக்குத் தண்ணீர் கட்ட வாருங்கள் என்றேன். ஒரு பெண் வாய்க்கால் வரை வந்து, "இதுல பாம்பு இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். திரும்பிப் போய்விட்டாள். நான் பொய் சொல்ல முடியாது. அந்த நான்கு பேரையும் பதிவேட்டில் எழுதினேன். பணி என்ற கட்டத்தில், 'வாய்க்காலைப் பார்வையிட்டனர்' என்று எழுதினேன். நடந்தது அதுதான்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. எட்டு மாதம் யாரும் வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. இதையெல்லாம் செய்கிறவர்கள் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள். நாம்தான் கவனிக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரே அக்கா, பச்சையம்மா அத்தை. போளூர் தாண்டிக் கொடுத்திருக்கிறது. மாமா பேர் சின்னப்பையன், வயது அறுபத்தேழு. வருஷத்தில் இரண்டு தடவை, சித்திரையிலும் கார்த்திகையிலும், எங்கள் மல்லாட்டை பிடுங்க வருவார்கள். அத்தை, மாமா, இரண்டு மகன், இரண்டு மருமகள், மகள், மருமகன். எட்டு பேர். ஐந்து நாள் தங்குவார்கள். பிடுங்கி, உதறி, காய் ஆய்ந்து, களத்தில் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். கூலி கிடையாது. போகும்போது ஆளுக்கு ஒரு பை மல்லாட்டை. பதிலுக்கு ஆடி ஆவணியில் அவர்கள் கழனியில் நடவு நடக்கும்போது அப்பா போய் நாற்றுக்கட்டு தூக்கி, வரப்பை அண்டை வெட்டிக்கொடுத்துவிட்டு நான்கு நாள் கழித்து வருவார். இது அம்மா இருந்தபோதும் நடந்தது, அதற்கு முன்னால் தாத்தா இருந்தபோதும் நடந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இரவு தங்கினார்களா? ஐந்து இரவு. நிலத்தில் விளைந்ததைத் தின்றார்களா? வேறு எதைத் தின்றார்கள்? வேளாண் பணியில் கைவைத்தார்களா? மூன்று ஏக்கரில் கைவைத்தார்கள். விளைபொருள் கொண்டுபோனார்களா? பை பையாக. பொழுதுபோக்கு என்றால், காய் ஆயும்போது அத்தை ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பதைக் கேட்டால் உங்களுக்கே இங்கிருந்து எழுந்து போக மனசு வராது. சித்திரையில் எட்டு, கார்த்திகையில் எட்டு, பதினாறு. அந்த நான்கு பேர். இருபது.

ஜெயவேல் இடத்துக்கு வருகிறவர்கள் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். அது வேளாண் சுற்றுலா. எங்கள் அத்தை மூன்று ஏக்கர் பிடுங்கினால் அது இல்லையா?

எழுதினேன். நேர்மையாக எழுதினேன். பேர், ஊர், தங்கிய நாள், செய்த பணி, போன் நம்பர் எல்லாம். எட்டு பேருடைய நம்பரும் அப்பா போனில் இருந்தது, பார்த்து எழுதினேன். ஒரு எண் கூட மாற்றவில்லை. கடைசிக் கட்டம் 'கருத்து'. அதையும் நான் கற்பனை செய்யவில்லை. அத்தை சாப்பிடும்போது, "ஏண்டி சசி, உங்கம்மா கையில இம்மாம் புளி இருக்காதேடி" என்றாள். அதனால், 'உணவு நன்று. புளி சிறிது அதிகம்' என்று எழுதினேன். மாமா தலையணை கேட்டிருந்தார். 'படுக்கை வசதி மேம்பட வேண்டும்.' குறையையும் எழுதுகிறவள் பொய் எழுதுவாளா?

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, காகித வேலை.

தை மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாசியில் பேர் வந்துவிட்டது. பலகையும் கொடுத்தார்கள், வேலி முனையில் பார்த்திருப்பீர்கள், பச்சையில் வெள்ளை எழுத்து. அப்பா அதை நட்டுவைத்து, தூர நின்று இரண்டு தடவை வாசித்தார். எனக்கு அன்றைக்குத்தான், இனிமேல் எங்கேயும் போகவேண்டாம் என்று தோன்றியது.

பங்குனி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் அளித்த பதிவேட்டில் உள்ள பயணிகளில் பெரும்பாலோர் தங்கள் உறவினர் என்று தெரியவருகிறது. சித்திரை மாதம் இந்தத் தேதி, புதன்கிழமை, நேரில் ஆய்வு செய்யப்படும். அதுவரை தங்கள் பெயர் நிறுத்திவைக்கப்படும்.'

தெரியவருகிறது. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எப்படித் தெரியவரும்? யாரோ சொல்லாமல் தானாகத் தெரியவருமா? அலுவலகம் திருவண்ணாமலையில் இருக்கிறது. அத்தை போளூர் தாண்டி இருக்கிறாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியென்றால் பக்கத்தில் இருக்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜெயவேல் அந்த வாரம் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, போர்டு ஷோக்கா கீதே" என்றார். அதற்கு முன்னால் அவர் என்னிடம் பேசியதே கிடையாது. பால் எடுக்க வருகிறவரும் பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அப்படி என்ன பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே வாரம் மாமா போன் பண்ணினார். அப்பா கிணற்றடியில் இருந்தார், நான்தான் எடுத்தேன்.

"சசி, எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரு பொண்ணு போன் பண்ணுதும்மா. துரைக்கண்ணு பண்ணைக்கு டூர் போனீங்களாமே, எப்பிடி இருந்துச்சுன்னு கேக்குது. உங்க அத்தகிட்ட கேட்டுச்சு. இவ, யாரு பண்ணை, அது எங்கப்பன் கொல்லைன்னு சொல்லி வெச்சிட்டா. அப்பறம் சோறு துன்னாம உக்காந்துகினு கீறா. இன்னாம்மா இது?"

ஏதோ கணக்கெடுப்பு மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன். எல்லோருக்கும் எப்படிப் போன் வருகிறது பாருங்கள். ஜெயவேலின் கை அவ்வளவு தூரம் நீளும் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கப்பன் கொல்லை, அதாவது எங்கப்பன் நிலம், என்று அத்தை சொன்னது பழைய கதை. தாத்தா போனபின்பு அத்தை தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். பத்திர ஆபீசில் கையெழுத்து போட்டுவிட்டு வெளியே வந்து, "எனக்கு ஒண்ணும் வாணாண்டா தொர. மல்லாட்ட பிடுங்க மட்டும் கூப்புட்டுடு" என்றாளாம். அப்பா இதை அடிக்கடி சொல்வார். அது அவர்கள் அக்கா தம்பி விஷயம். பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்பீர்களோ என்று சொன்னேன்.

சித்திரை வந்தது. மல்லாட்டை பக்குவத்துக்கு வந்துவிட்டது. ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். மண் இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும். அப்பா வழக்கம்போல அத்தைக்குப் போன் பண்ணப் போனார். நான் தடுத்தேன். புதன்கிழமை அதிகாரி வரும்போது எட்டு உறவுக்காரர்கள் கொல்லையில் குனிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அத்தை பேர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அப்பா மெதுவாகத்தான் படிப்பார்.

"அக்காவ இதுல எழுதினியா?" என்றார்.

"பேர் மட்டும்தாம்பா."

"ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதாம்பா."

ஒரு வாரம்தான் மேடம். நான் வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவுக்குப் பொய் வராது. அத்தை ஏன் என்று கேட்டதும், புதன்கிழமை ஆபீசர் வராங்க, சசி உங்களையெல்லாம் பட்டியல்ல எழுதிட்டா என்று அப்படியே சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து "சரிடா" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வந்து நின்றார்கள். எட்டு பேரும்.

எப்போதும் பின்பக்கமாக, கொட்டகை வழியாக, "சசி, தண்ணி கொண்டாடி" என்று கத்திக்கொண்டே வருவார்கள். அன்றைக்கு வேலி முனையில் பலகைக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். மாமா யாருடைய தொப்பியையோ போட்டிருந்தார். அத்தை பட்டுப் புடவை கட்டியிருந்தாள். கொல்லைக்கு வர யாராவது பட்டு கட்டுவார்களா?

"ரூம் இருக்குதுங்களா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அத்தே, உள்ள வாங்க."

"ரூம் இருக்குதான்னு கேட்டேன். எட்டு பேரு. ரெண்டு நாளு."

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னாள். தன் பேரைத் தானே எழுதினாள். அத்தை மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்து பெரிது பெரிதாக இரண்டு கட்டத்தில் விழுந்தது. அப்புறம் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அப்பா அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்தார். பணத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது?"

"வாடகைங்க" என்றாள் அத்தை.

தம்பியை வாங்க போங்க என்றாள் மேடம். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்ட தம்பியை. அப்பா போய், நல்ல டம்ளரை எடுத்துக் கழுவி, அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கு முழுதும் நான் அத்தையையே கவனித்துக்கொண்டிருந்தேன். எதற்கு வந்திருக்கிறாள்? நாளைக்கு அதிகாரி முன்னால் நின்று, இது எங்க அப்பன் நிலம், நான் இவனோட அக்கா, இந்தப் பொண்ணு பொய் எழுதிடுச்சு என்று சொல்லத்தான். வேறு எதற்கு? யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் மாமா வேலியோரம் நின்று ஜெயவேலோடு பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "அந்தாளு கொளத்துல மீன் கீதான்னு கேட்டேன்" என்றார். நீச்சல் குளத்தில் மீன் இருக்குமா? நம்புகிற மாதிரி ஒரு பொய் சொல்லக்கூட அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அப்பாவும் நானும் கூலிக்கு இரண்டு பெண்களும் பிடுங்க ஆரம்பித்தோம். மேற்கே ஜவ்வாது மலைப்பக்கம் கருக்கிக்கொண்டு வந்தது. நான்கு பேர் மூன்று ஏக்கரைப் பிடுங்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும், அத்தைக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் எட்டு பேரும் வரப்போரம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மருமகள் மட்டும் ஒருமுறை புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். அத்தை, "உக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள் அத்தை என்னை. "ஒரு வேலையிலயாவது கை வெக்கணுமாமே, உங்க காயிதத்துல கீதாமே. எதுல வெக்கட்டும்?"

"மல்லாட்டை பிடுங்கலாம் அத்தே."

வந்தாள். பட்டுப் புடவையோடு குனிந்து ஒரே ஒரு செடியைப் பிடுங்கினாள். அதைச் சாதாரணமாகப் பிடுங்க முடியாது மேடம், கொத்தாகப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி இழுக்க வேண்டும், அப்போதுதான் ஒரு காய் கூட உள்ளே நிற்காது. நான் பிடுங்கினால் இரண்டு நிற்கும். அத்தை பிடுங்கியதில் ஒன்றும் நிற்கவில்லை. செடியை முழங்கையில் தட்டி மண்ணை உதறினாள். காயைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கை தன்பாட்டுக்கு அடுத்த செடிக்குப் போனது, நான் பார்த்தேன். அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"போட்டோ எடுத்துக்கோங்க" என்றாள்.

எடுத்தேன். என் போனில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மா, கையில் என் பதிவேட்டின் நகல். கொல்லையைச் சுற்றிப் பார்த்தார், அறையைப் பார்த்தார், கொசுவலையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அப்பா பிடுங்கிய செடியைக் கட்டாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்கதான் பச்சையம்மாளா?"

"ஆமாங்க."

"போன்ல, இது எங்கப்பா நிலம்னு சொன்னீங்களாம்."

அத்தை அதிகாரியைப் பார்க்கவில்லை. கொல்லையைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"வயசாயிடுச்சுங்க. வேற யாருதோன்னு நெனச்சுக்கினு ஒளறிட்டேன்."

"இவங்க உங்களுக்கு உறவா?"

"இல்லீங்க" என்றாள் அத்தை. "ஒறவெல்லாம் ஒண்ணும் கெடையாது. காசு குடுத்து வந்துகீறோம். பாருங்க, பொஸ்தகத்துல என் கையாலயே எழுதிகீறேன்."

அதிகாரி நான் நீட்டிய பதிவேட்டைப் பார்த்தார். அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்தார். நாற்காலி, பட்டுப் புடவை, மாமாவின் தொப்பி, என் போனிலிருந்த போட்டோ எல்லாவற்றையும் பார்த்தார். எனக்கே, இவர்களைப் பார்த்தால் சுற்றுலாப் பயணிகள் மாதிரிதான் இருக்கிறது என்று தோன்றியது. "இந்த மாதிரி வர்றவங்களத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம்" என்றார் அந்த அம்மா. அங்கேயே கையெழுத்து போட்டுக் கொடுத்தார்.

பட்டியலில் பேர் நிலைத்துவிட்டது மேடம். காப்பாற்றியதே அத்தைதான். அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாட்டிவிட வந்தவள் ஏன் காப்பாற்றினாள்? ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அப்பாவிடம், "பாத்தியாப்பா, அத்த எப்பிடி சமாளிச்சாங்க" என்றேன். அவர் அந்தச் செடிக்கட்டை இறக்கவே இல்லை. மண் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாள் என்றுதான் எழுதியிருந்தாள், ஒரே நாளில் கிளம்பினாள். அப்பா அதுவரை பிடுங்கிய காயை ஈரத்தோடு எட்டுப் பையில் கட்டி வாசலில் வைத்தார். அத்தை பையைத் தொடவில்லை.

"கிலோ எவ்ளோங்க?" என்றாள். "வாங்கினு போவணுமாமே."

அப்பா உள்ளே போய்விட்டார். அதனால் நான்தான் தராசில் போட்டேன். ஒரு கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸுக்கு நடந்து போகும்போது மாமா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மல்லாட்டை பாதிக்கு மேல் கொல்லையிலேயே முளைத்துவிட்டது.

ஆனால் அதற்கப்புறம் ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் ஒன்பது பேர். வாய்க்காலில் இறங்கி நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு செடி பிடுங்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாலும் சரி, ஜெயவேல் அனுப்பி வந்திருந்தாலும் சரி, எழுதிக்கொள்ளுங்கள், இங்கே நடப்பது விளக்கத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு வரி பிசகில்லை.

அப்பாவா? உள்ளேதான் இருக்கிறார். எதற்கு அவரைக் கேட்கிறீர்கள்? அவரிடம் பேச வேண்டாம் மேடம். அவருக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது.

போன வாரம் அத்தை ஊரில் நடவு. அவர்கள் கூப்பிடவில்லை. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு அப்பாவே கிளம்பிப் போனார். வேண்டாம்பா என்று சொன்னேன், கேட்கவில்லை. பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். நான்கு நாள் ஆகும் என்று நான் அவருக்கு உலை வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார்.

"நடவு முடிஞ்சிடுச்சாப்பா?"

"நடக்குது."

"அப்ப ஏன் வந்துட்ட?"

"நாற்காலி போட்டாங்க" என்றார். "காபி குடுத்தாங்க. ஒக்காருங்க, வெயில்ல நிக்காதீங்கன்னு சொன்னாங்க."

மரியாதையாகத்தானே நடத்தியிருக்கிறார்கள் என்றேன். அவர் வருவதைப் பார்த்ததுமே, கழனியில் இறங்கி வந்தவர் என்று நினைத்துப் பின்பக்கம் கால் கழுவ ஒரு அண்டா தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். வந்து அண்டா முன்னால் நின்றார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலிடுக்கில்கூட ஒரு துளிச் சேறு இல்லை.